வாரத்தில் ஒரு நாள் தாருங்கள்
இறுதியாண்டு மாணவருக்கு ஒரு செந்நெறிப் பாடவிதானம்

பாடசாலையின் இறுதியாண்டு எதற்காக இருக்கிறது? எம்மவருள் எவரை வினவினும் ஒரே விடையே கிடைக்கும். "பல்கலைக்கழகம் புகுவதற்காக" என்பர். தந்தையும் அதையே சொல்வார். ஆசிரியரும் அதையே சொல்வார். அதிபர் பரிசளிப்பு விழாவில் படிக்கும் அறிக்கையும் அதையே சொல்லும். அந்த விடையை நம்பியே எமது கமக்காரர் வெங்காயம் விற்ற பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். காணியை ஈடு வைக்கின்றனர். பிள்ளையை விடியுமுன் எழுப்பித் தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்புகின்றனர்.

ஆனால் உண்மை நிலை என்ன? உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோருள்ளும் பெரும்பான்மையோருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. சித்தியடையாதோரையும் சேர்த்து எண்ணினால், 13ஆம் தரத்தில் இருக்கும் பிள்ளைகளுள் மிகப் பலருக்கு அவ்வாண்டே முறையான கல்வியின் கடைசி ஆண்டாகும். சிலருக்கு வாசற்படியாக அமைவதைப் பலருக்கு முடிவுரையாக அமைவதென்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. சிலருக்காக வகுத்த பாதையிற் பலரையும் நடக்கவிட்டு, பாதை முடிந்த இடத்தில் அவர்களைக் கைவிட்டு விடுகிறோம். இதுவே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட குறை.

மூன்று பாடச் சிறை

உயர்தர மாணவன் இன்று என்ன கற்கிறான்? பௌதிக விஞ்ஞானப் பிரிவினன் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றைக் கற்கிறான். பதினாறு வயதில் தமிழ்ப் புத்தகத்தை மூடியவன் பின்னர் அதைத் திறப்பதேயில்லை. தன் நாட்டின் வரலாற்றையும் அவ்வாறே மூடிவைத்து விடுகிறான். கலைப் பிரிவினன் தமிழும் வரலாறும் இந்து நாகரிகமும் கற்கிறான்; ஆனால் ஒரு வரைபடத்தை வாசிக்கவும், ஒரு புள்ளிவிபரத்தை ஐயுற்று நோக்கவும் அவனுக்கு எவரும் கற்பிப்பதில்லை. இவ்விருவருக்கும் பொதுவாக எஞ்சியிருப்பவை பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரண பரீட்சையுமே. பின்னதில் 30 புள்ளி பெற்றால் போதும் என்பதால் அதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

நான்கு பாடங்கள் கற்ற காலமும் ஒன்றிருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து அது மூன்றாயிற்று. பாடம் குறைந்ததனால் எஞ்சிய நேரம் பரந்த கல்விக்குச் சென்றதா? இல்லை. அதே மூன்று பாடங்களின் வினாப்பத்திரங்களை மீண்டும் மீண்டும் செய்வதற்கே சென்றது.

இந்நிலைக்கு எம் மக்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவம் பயிலச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டுமென்று ஆக்கப்பட்டது. அந்த அநீதி எம் இல்லங்களில் ஆழ்ந்த ஒரு வடுவை உண்டாக்கியது. ஒரு புள்ளி குறைந்தாலும் வாழ்வு போயிற்று என்ற அச்சம் அன்று பிறந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் ஒழிந்து, பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற முறை வந்த பின்னரும், இசட் புள்ளி வந்த பின்னரும், அந்த அச்சம் எம்மை விட்டு அகலவில்லை. பிறர் எழுப்பிய மதிலுக்குள் எம்மை நாமே அடைத்து வைத்திருக்கிறோம். புள்ளிக்காகப் போராடியதிற் பிழையில்லை. புள்ளியே கல்வியென்று மயங்கியதே பிழை.

முன்னோர் காட்டிய வழி

பல துறைகளையும் ஒருங்கே கற்பது இயலாத காரியமென்று சிலர் கூறுவர். அவர்கள் எமது வரலாற்றையே மறந்தவராவர்.

1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நிறுவிய செமினரியில் தமிழிலக்கியமும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தருக்கமும் ஒரே மாணவனுக்குக் கற்பிக்கப்பட்டன. அது 1855இல் மூடப்பட்டது. ஆயினும் அங்கே கற்ற இருவரே, சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் அலுவல் பார்த்தார், சட்டம் பயின்றார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அந்தக் கணக்குத் தெரிந்த மனிதரே, செல்லரித்துக் கொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் துணிவதற்குத் தமிழறிவு மட்டும் போதாது. சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். அப்பழக்கத்தை அவருக்கு இளமைக் கல்வி அளித்தது.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களை வகுத்தார். கல்வியைத் திட்டமிட்டு வகுத்தல் எமக்குப் புதிய கலையன்று.

கிழக்கிலே காரைதீவில் 1892இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தரை எண்ணிப் பாருங்கள். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பொருளறிய முயன்று, 1947இல் யாழ்நூலைத் தந்தார். காப்பியம் மட்டும் கற்றவராலும் அந்நூலை எழுதியிருக்க முடியாது. கணிதம் மட்டும் கற்றவராலும் எழுதியிருக்க முடியாது. இன்றைய உயர்தர வகுப்பு ஒரு விபுலாநந்தரைத் தருமா? விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா என்று வினவி, பதினாறாம் வயதிலேயே அவரை இரண்டாகப் பிளந்திருக்கும்.

ஆயினும் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். அக்காலக் கல்வி சிலருக்கே கிடைத்தது. சாதியாலும் வறுமையாலும் எத்தனையோ பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். 1945இல் வந்த இலவசக் கல்வியே கதவைத் திறந்தது. ஆகவே பழமைக்கு மீள வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அன்று சிலருக்குக் கிடைத்த முழுமையை இன்று எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமென்றே கேட்கிறோம்.

எமது திட்டம்

வாரத்தில் ஒரு நாள். இவ்வளவே எமது கோரிக்கை. நாளொன்றுக்கு நாற்பது நிமிடங்கள் கொண்ட எட்டுப் பாடவேளைகள், வாரத்துக்கு நாற்பது. அவற்றுள் எட்டை இறுதியாண்டு மாணவர் அனைவரும், பிரிவு வேறுபாடின்றி, ஒன்றாக அமர்ந்து கற்பதற்கு ஒதுக்குக. மூன்று வேளை தமிழ் மூல நூல். இரண்டு வேளை எண்ணும் இயற்கையும். இரண்டு வேளை வரலாறும் அரசியலும். ஒரு வேளை உரையாடல். செந்நெறிக் கல்வி என்று நாம் சொல்வது பழைய நூல்களை மனனஞ் செய்வதையன்று. குறிப்புப் புத்தகத்தை வைத்துவிட்டு மூல நூலை நேரே வாசித்தல். வாசித்ததைக் காரணங் காட்டி ஆராய்தல். ஆராய்ந்ததைச் சபையில் எடுத்துரைத்தல். இம்மூன்றுமே அதன் உறுப்புகள்.

பாடங்கள் தனித்தனித் தீவுகளாய் நிற்காதிருக்க, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பொதுப் பொருளை வகுத்தல் நன்று.

முதலாம் தவணைக்கு நீர். புறநானூற்றின் 18ஆம் பாட்டிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நிலம் குழிந்தவிடமெல்லாம் நீரைத் தேக்குவதே அரசனின் கடமையென்று அறிவுறுத்துகிறார். அதனைத் தமிழாசிரியர் கற்பிக்கட்டும். அதே வாரத்தில், யாழ்க் குடாநாட்டில் வற்றாத ஆறு ஏன் இல்லை, மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி உவர்நீரின்மேல் எவ்வாறு மிதந்து நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கிணறு ஏன் உவராகிறது என்பவற்றை விஞ்ஞான ஆசிரியர் விளக்கட்டும். யூரியாவிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நைத்திரேற்று கிணற்றைச் சேர்வதையும், குடிநீரில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதையும், நீரைக் கொதிக்க வைப்பதால் அது நீங்காதென்பதையும் ஒரு கமக்காரனின் மகள் அறியாமற் பாடசாலையை விட்டுப் போகலாமா? கணித ஆசிரியர் ஒரு குளத்தின் கொள்ளளவைக் கணிக்கக் காட்டட்டும். வரலாற்றாசிரியர் வன்னிக் குளங்களின் கதையைச் சொல்லட்டும். கலைப் பிரிவு மாணவன் எண்ணைக் கண்டு அஞ்சாதிருப்பான். விஞ்ஞான மாணவன் சங்கப் புலவனைத் தன் ஊர்க் கிணற்றடியிற் சந்திப்பான்.

இரண்டாம் தவணைக்கு நீதி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை முழுமையாக வாசிக்கட்டும். முத்தா, மணியா என்ற ஒரே சான்றினால் ஒரு வழக்கு புரண்டதும், தவறுணர்ந்த மன்னன் உயிர் துறந்ததும் வெறும் கதையல்ல. சான்று பற்றிய பாடம். அதன் பக்கத்தில், கி.மு. 399இல் ஏதென்சு நகரத்தில் சோக்கிரதீசு மன்றின்முன் நின்று பேசியதாகப் பிளேட்டோ எழுதியதை வைத்து வாசிக்கட்டும். மன்னன் தவறினால் என்ன, மக்களே நடுவராயிருந்து தவறினால் என்ன என்ற வினாவை மாணவரே எழுப்புவர். திருக்குறளின் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகிய இரு அதிகாரங்களையும் பரிமேலழகர் உரையோடு கற்கட்டும். உரையாசிரியர் காரணங் காட்டும் முறையையும், யூக்கிளிட்டின் கேத்திரகணித நிறுவலையும் ஒப்பிட்டுக் காட்டினால், நிறுவல் என்பது எத்துறையிலும் ஒன்றே என்பது விளங்கும்.

அதன்பின் எமது சொந்தச் சட்டங்களுக்கு வருக. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை இன்றும் எம் காணிகளை ஆளுகிறது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்ற சொற்கள் உறுதியில் வருகின்றன; அவற்றின் பொருளை அறிந்த இளைஞர் எத்தனை பேர்? சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையோருக்கு எதிரான பாகுபாட்டுச் சட்டங்களைத் தடுக்க எழுதப்பட்டது. அது இருக்கும்போதே 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அப்பிரிவே இல்லாது போயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இவற்றை எவரோ சொன்ன சுருக்கமாக அன்றி, சட்ட வாசகங்களாகவே மாணவர் வாசிக்க வேண்டும். மேடையிற் சொல்லப்படுவது சட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த வாக்காளரே ஓர் இனத்துக்குக் காவல். இதை அரசியல் ஏடு ஒன்றில் எழுதும் நாமே சொல்கிறோம்: எம் எழுத்தையும் அவ்வாறே சோதித்துப் பார்க்கும் வாசகர் வேண்டும்.

மூன்றாம் தவணைக்கு ஒலியும் வானும். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினாற் குரலுக்கு இளி ஒலிக்கும். ஒரு வீணையைக் கொண்டுவந்து வகுப்பிலேயே அளந்து காட்டலாம். அந்த அளவிலிருந்து பௌதிகவியலுக்கும், அங்கிருந்து அரங்கேற்று காதைக்கும், அங்கிருந்து யாழ்நூலுக்கும் செல்லலாம். கிரகணங்கள் ஏறத்தாழ 18 ஆண்டும் 11 நாளும் கழிந்து மீள்வதைக் கணித்துப் பார்த்து, பஞ்சாங்கம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்று அறியலாம்.

தமிழ்பேசும் மாணவர் அனைவருக்கும் பொதுவான திட்டமாதலால், வாசிக்கும் நூல்களை ஊருக்கேற்ப விரித்துக் கொள்ளலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணமும், வீரமாமுனிவரின் தேம்பாவணியும், சங்கத் தொகைகளிலுள்ள ஈழத்துப் பூதந்தேவனார் பாடல்களும் எமது பொதுச் சொத்து. மலையகத்திலும் வன்னியிலும் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் இல்லாத பாடசாலைகள் பல. அங்குள்ள பிள்ளை கலைப் பிரிவை விரும்பியெடுக்கவில்லை. வேறு வழியின்றி எடுத்தது. அப்பிள்ளைக்கு இத்திட்டம் மற்றெவரையும் விட மிகுதியாக வேண்டப்படுவதாகும்.

அரங்கேற்றம்

எல்லாவற்றுக்கும் முடிவாக ஒரு பரீட்சை வேண்டாமா? வேண்டும், ஆனால் புள்ளி வேண்டாம். எமது மரபிலே நூல் செய்தவன் அதைச் சபையில் அரங்கேற்றினான். வினாக்களுக்கு விடை கூறினான். அந்த மரபை மீட்போம். ஒவ்வொரு மாணவரும் தாமே தெரிந்த ஒரு பொருளில் பத்துப் பக்கக் கட்டுரை எழுதி, ஆசிரியரும் பெற்றாரும் ஊரவரும் கூடிய சபையிற் படிக்கட்டும். கிணற்று நீரைப் பற்றிப் படிக்கும் மாணவியிடம் ஐம்பது ஆண்டு தோட்டஞ் செய்த கமக்காரர் வினா எழுப்பட்டும். தேசவழமை பற்றிப் படிப்பவனைச் சட்டத்தரணி ஒருவர் குறுக்கு விசாரணை செய்யட்டும். படித்தவனுக்கும் பாடுபடுபவனுக்கும் இடையிலே வளர்ந்துவிட்ட இடைவெளி அந்தச் சபையிற் சற்றேனும் குறையும்.

மறுப்புகள்

மூன்று மறுப்புகள் எழும் என்பதை நாம் அறிவோம்.

புள்ளி குறையுமே என்பது முதலாவது. ஒரு நாள் செலவாகும் என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் இறுதியாண்டின் பிற்பகுதியிற் பல பாடசாலைகளின் வகுப்பறைகளைச் சென்று பாருங்கள். வரவு வீதத்துக்காக வந்து போவோரும், வராதோருமாக வாங்குகள் வெறுமையாய் இருக்கின்றன. பிள்ளை பாடசாலையிற் கழிக்கும் நாளையல்ல, ஏற்கெனவே வீணாகும் நாளையே கேட்கிறோம். பெற்றாரும் தனியார் கல்வி நிலையத்தாரும் அந்த ஒரு நாளின் மாலையையும் வாசிப்புக்காக விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

கற்பிக்க ஆசிரியர் எங்கே என்பது இரண்டாவது. ஓராசிரியர் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டியதில்லை. அவரவர் தத்தம் துறையைக் கற்பிக்க, வாரத்தில் அரைமணி நேரம் நால்வரும் கூடிப் பேசினாற் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியரும், பொறியியலாளரும், வைத்தியரும், 1974 முதல் எம்மிடையே இயங்கிவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளரும் மாதம் ஒரு நாள் வரமாட்டார்களா? எமது உத்தியோகத்தர் தாம் கற்ற பாடசாலைக்குக் கட்டிடம் கட்ட மனமுவந்து பணம் கொடுக்கின்றனர். இனி அறிவையும் கொடுக்கட்டும்.

கல்வியமைச்சு அனுமதிக்குமா என்பது மூன்றாவது. உயர்தரப் பாடங்களை நாம் மாற்றச் சொல்லவில்லை. பரீட்சையைத் தொடச் சொல்லவில்லை. பாடசாலையின் நேரசூசிக்குள்ளும் இணைபாடவிதானத்துக்குள்ளும் அடங்குவதையே சொல்கிறோம். ஓர் அதிபர் துணிந்தால் ஒரு பாடசாலையில் இது நடக்கும். எமது உரிமைகளைக் கேட்டுக் கொழும்பை நோக்கிக் குரல் கொடுப்பதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால் எம் கையிலேயே இருக்கும் காரியத்தைச் செய்யாதிருந்துவிட்டு, அதற்கும் கொழும்பையே காரணங் காட்டுதல் அழகன்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நெருப்பை எம் மக்கள் இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் நூலகம் மீண்டும் எழுந்து நிற்கும்போது, அதனுள் இருக்கும் ஒரு மூல நூலையும் திறவாமலே எம் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போவார்களாயின், அந்த இழப்புக்கு நாம் யாரைக் குற்றஞ் சாட்டுவது?

அதிபர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, கமக்காரப் பெருமக்களே! வரும் ஆண்டிலே ஒரு பாடசாலையேனும் இதைத் தொடங்கட்டும். ஓராண்டு நடத்திப் பார்த்துக் குறைகளைத் திருத்தட்டும். பல்கலைக்கழகம் புகும் பிள்ளை முழுமனிதனாய்ப் புகட்டும். புகாத பிள்ளை, தோட்டத்துக்குத் திரும்பினும், கடையில் அமரினும், கடல் கடந்து சென்றாலும், தான் தோற்றுப்போனவன் என்ற எண்ணத்தோடு செல்லாது, கற்றவன் என்ற உணர்வோடு செல்லட்டும். அதற்காகவே வாரத்தில் ஒரு நாளைக் கேட்கிறோம்.